நரேனுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம்

கார் ரேஸ் என்று பேச்சு எடுத்தால் எங்கள் செஞ்சிப் பக்கம் உடனே வருகிற பெயர் அஜித்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது டீக்கடையில்கூட அதே பேச்சு. சந்தோஷம். ஆனால் "இன்னொரு பெயர் சொல்லுங்கள்" என்றால் பலரும் விழிப்பார்கள். கொஞ்சம் வயதில் மூத்தவர்கள் மட்டும் "அந்தக் கோயம்புத்தூர்க்காரர்... நரேன் கார்த்திகேயன்" என்பார்கள். கூடவே ஒரு வரியும் வரும்: "போனாரு, ஆனா பெருசா ஒண்ணும் ஜெயிக்கலையே!"

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. துணைக்கு ஒரு ஜப்பான்காரரை அழைத்துக்கொள்கிறேன்.

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பேர்

நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில். டோக்கியோவில் தகுமா சாட்டோ பிறந்தது அதே ஆண்டு, அதே மாதம், 28-ஆம் தேதி. நம்ம ஆள் இரண்டு வாரம் மூத்தவர்.

நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெரிய ராலி வீரர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். பிள்ளைக்கு வண்டி வாசனை வீட்டிலேயே கிடைத்துவிட்டது. 1992-இல், 15 வயதில், பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்ட் என்ற பந்தயப் பள்ளிக்குப் போனார். 1993-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஓடுபாதையில் பார்முலா மாருதி ஓட்டினார். அதே ஆண்டே இங்கிலாந்துக்கும் போனார். 1994-இல் பிரிட்டனின் பார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் ஒரு பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான். 1996-இல் பார்முலா ஆசியா சாம்பியன்.

சாட்டோ? 19 வயது வரை அவர் பந்தயக் காரே ஓட்டியதில்லை. அவர் ஓட்டியது சைக்கிள்! வாசெடா பல்கலைக்கழக மாணவர், நல்ல சைக்கிள் பந்தய வீரர். சுசுகா ஓடுபாதையில் ஹோண்டா ஆதரவில் ஒரு பந்தயப் பள்ளி நடக்கிறது. அதில் சேர வயது வரம்பு 20. கடைசி வாய்ப்பாக விண்ணப்பித்து, உள்ளே போய், 1997-இல் உதவித்தொகையை வென்றுவிட்டார். 1998-இல் அவரும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பார்முலா 3 பட்டியலைப் பாருங்கள். மூன்றாவது இடம் சாட்டோ. நான்காவது இடம் நரேன். அடுத்தடுத்த வரிகள். அப்போது இருவருக்கும் வயது 23.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

நியாயமாகப் பேசுவோம். 2001-இல் சாட்டோ அதே தொடரில் 12 பந்தயங்களை வென்று சாம்பியன் ஆனார். அது அவருடைய திறமை, யாரும் மறுக்க முடியாது. அந்த ஆண்டு நரேன் ஜப்பானில் பார்முலா நிப்பான் ஓட்டினார். 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனைக்காக ஓட்டி, பார்முலா 1 காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆனார்.

2002-இல் சாட்டோவுக்கு பார்முலா 1 கதவு திறந்தது. ஜோர்டான் அணி, ஹோண்டா எஞ்சின். நரேனுக்கு அதே ஜோர்டான் அணியின் கதவு திறக்க 2005 ஆயிற்று. இடையில் மூன்று ஆண்டுகள்! அதற்குள் அந்த அணி கைமாறி, பழைய பலமெல்லாம் போயிருந்தது. டாட்டா போன்ற இந்திய நிறுவனங்களின் ஆதரவோடுதான் அந்த இருக்கையில் அவர் உட்கார முடிந்தது.

2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர்கள் அந்தப் பாதையின் வேகத்தைத் தாங்காது என்று தெரிந்ததால், அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார், 5 புள்ளிகள். "ஆறு பேர் ஓடி நாலாவது" என்று இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள். கிண்டலில் உண்மை இருக்கிறது. ஆனால் சாட்டோ தன் முதல் ஆண்டில் எடுத்த புள்ளிகள் எத்தனை தெரியுமா? இரண்டு. அதுவும் கடைசிப் பந்தயத்தில், சுசுகாவில். (புள்ளிமுறை அப்போது வேறு, முதல் 6 பேருக்கு மட்டும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

என் வாதம் இங்கேதான் இருக்கிறது. முதல் ஆண்டு இருவருக்குமே சுமார்தான். இரண்டாவது வாய்ப்பு யாருக்கு வந்தது?

சாட்டோவை ஹோண்டா கைவிடவில்லை. 2003-இல் ஹோண்டா எஞ்சினில் ஓடிய பிஏஆர் அணியில் சோதனை ஓட்டுநர். 2004-இல் அதே அணியில் முழு நேர இருக்கை. அந்த ஆண்டு இதே இண்டியானாபொலிஸில் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். 2006-இல் ஹோண்டா ஆதரவோடு தொடங்கிய சூப்பர் அகுரி அணியில் இடம். பிறகு அமெரிக்கா போய், அங்கேயும் பெரும்பாலும் ஹோண்டா எஞ்சினில் ஓட்டி, உலகமே பார்க்கும் இண்டி 500 பந்தயத்தை 2017-இலும் 2020-இலும் வென்றார். முதல் வெற்றியின்போது வயது 40.

நரேனுக்கு 2006, 2007 இரண்டு ஆண்டுகளும் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர் வேலை. பந்தயத்தில் இறங்கும் வாய்ப்பு வரவில்லை. மீண்டும் பார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது 2011-இல், மைதானத்திலேயே மெதுவான கார்களில் ஒன்றான எச்ஆர்டி அணியில். அந்தக் காரில் ஷூமாக்கரே உட்கார்ந்தாலும் ஜெயிக்க முடியாது.

நல்ல வண்டி கிடைத்தால் நரேன் என்ன செய்வார்? அதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபுஜி ஓடுபாதையில் ஜப்பான், ஜெர்மனித் தொடர்களின் கார்கள் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தில், ஹோண்டா காரில், 42 வயதில், முதலாவதாக வந்தார். அந்த அணியின் சொந்தக்காரர் சடோரு நகஜிமா. 1987-இல் லோட்டஸ்-ஹோண்டாவில் ஓட்டி, பார்முலா 1-இல் முழுப் பருவமும் ஓட்டிய முதல் ஜப்பானியர் ஆனவர்.

சின்னப் பையனின் கதை

அந்த நகஜிமாவை வைத்தே அடுத்த தலைமுறைக்கு வருவோம். யூகி சுனோடா 2000-இல் பிறந்தவர். 2016-இல் அதே சுசுகா பள்ளியில் சேர்ந்தார். இறுதித் தேர்வில் உதவித்தொகை இடத்தைத் தவறவிட்டார். நம் ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பள்ளியின் முதல்வராக இருந்த நகஜிமா "இந்தப் பையனிடம் விஷயம் இருக்கிறது" என்று ஹோண்டாவிடம் பரிந்துரைத்தார். 2018-இல் பையன் ஜப்பான் பார்முலா 4 சாம்பியன். 2019-இல் ஐரோப்பா. 2021-இல், 20 வயதில், பார்முலா 1.

2025-இல் ஜப்பான் பந்தயத்திலிருந்து ரெட் புல் அணியில் இடம் கிடைத்து, 2026-க்கு அந்த இருக்கை கைவிட்டுப் போய், மாற்று ஓட்டுநராக ஆனதும் உண்மைதான். ஏணி இருந்தால் எல்லோரும் உச்சிக்குப் போய்விடுவதில்லை. ஆனால் ஏறிப் பார்க்கவாவது முடிகிறது. சாட்டோ 2019-இல் நகஜிமாவுக்குப் பிறகு அதே பள்ளியின் முதல்வர் ஆனார். மேலே போனவர் கீழே இருப்பவருக்குக் கை கொடுக்கிற ஏற்பாடு அங்கே இருக்கிறது.

நம்மிடம் என்ன இல்லை?

பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். நரேனும், 2010-லும் 2011-இல் ஒரு பந்தயத்திலும் ஓட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக்கும். இருவருமே தமிழ்நாடு! பெருமைதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இருவருமே பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள். கருணின் தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பாவோ தாத்தாவோ வண்டி ஓட்டாத வீட்டிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. 2012-க்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் போகவில்லை.

ஓடுபாதை இல்லையா? இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கிறது. கோவை அருகே செட்டிபாளையத்தில் இன்னொன்று. மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார் செய்துகாட்டி, 1995-இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தன் நினைவாக அதற்குப் பெயர். தொழிற்சாலை இல்லையா? இருங்காட்டுக்கோட்டையிலேயே ஹூண்டாய் இருக்கிறது. ஒரகடத்தில் ரெனோ, செங்கல்பட்டுப் பக்கம் பிஎம்டபிள்யூ. டயருக்கு எம்ஆர்எஃப். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கத்துப் பையன்கள் ஐடிஐ, டிப்ளமோ முடித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவது அங்கெல்லாம்தான். காரைச் செய்கிறவன் நம் பையன். அதைப் பந்தயத்தில் ஓட்டிப் பார்க்கும் கனவு மட்டும் அவனுக்குக் கிடையாது.

எங்கள் ஊர் தேசிங்கு ராஜன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டில்லி பாதுஷாவிடம் இருந்த, யாருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. எல்லோரும் அவன் வீரத்தைத்தான் பேசுகிறோம். அந்தக் குதிரையின் பக்கத்தில் அவனைப் போகவிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். லாயத்துக் கதவு சாத்தியே இருந்திருந்தால், வீரம் இருந்தும் என்ன பயன்?

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டுப்பா!"

இதுதான் வழக்கமான பதில். சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாத நாட்டில் கார் ரேஸ் ஒரு கேடா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் நான் கேட்பது ரேஷன் கடைப் பணத்தை அல்ல. கார் கம்பெனிகள் கிரிக்கெட்டுக்கும் நட்சத்திர விளம்பரத்துக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி.

கம்பெனி மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு இரு சக்கரப் பந்தயமே சாட்சி. 1982 முதல் டிவிஎஸ் தனியாக ஒரு பந்தய அணி நடத்துகிறது. அதில் ஓட்டிய சென்னைக்காரர் ஜெகன் குமார் பலமுறை தேசிய சாம்பியன். ஹோண்டாவும் இந்தியாவில் இளம் பைக் வீரர்களுக்கென்று ஒரு தொடர் நடத்தியது. கார் பந்தயத்திலும் எம்ஆர்எஃப் நிறைய செய்திருக்கிறது. 2016-17-இல் ஷூமாக்கரின் மகன் மிக்கே அவர்களுடைய தொடரில் வந்து ஓட்டினார். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை இங்கே வந்து பழகிவிட்டுப் போகிறான், நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பந்தயத்துக்கு எப்படிப் போவது என்றே தெரியாது.

அரசும் சும்மா இல்லை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்முலா 4 பந்தயம் நடந்தது. பார்க்கப் பிரமாதம். ஆனால் திருவிழா நடத்துவது வேறு, பள்ளிக்கூடம் கட்டுவது வேறு. திருவிழா முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டணமில்லாத கார்ட்டிங் தேர்வு முகாம். கார்ட் என்பது சின்ன வண்டி. லாரியில் ஏற்றி விழுப்புரம் கொண்டுவந்து ஒரு மைதானத்தில் பாதை போட்டுவிடலாம். அதில் தேறுகிறவர்களில் இரண்டு மூன்று பேரை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப்போய், ஒரு கம்பெனி மூன்று ஆண்டுச் செலவை ஏற்கட்டும். முக்கியமாக, முதல் ஆண்டில் சொதப்பினால் துரத்திவிடக் கூடாது! கூடவே ஐடிஐ மாணவர்கள் நாலு பேரை மெக்கானிக்காகச் சேர்க்கட்டும். ஓட்டுநர் தேறாவிட்டாலும் மெக்கானிக் நிச்சயம் தேறுவான்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையனுக்கு வேகத்தின் மேல் ஆசை வந்தால், இன்று அவனுக்கு இருக்கிற ஒரே ஓடுபாதை திருவண்ணாமலை ரோடுதான். ஹெல்மெட் இல்லாமல், எதிரே லாரி வர, ராத்திரியில் பழகுகிறான். ஆசைப்படாதே என்றால் கேட்கமாட்டான். ஆசைப்பட ஒரு இடம் காட்டுவதுதான் பெரியவர்கள் செய்யக்கூடியது.

"நரேன் என்ன ஜெயித்தார்?" என்று இனிமேல் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: 2000-இல் அவர் ஹோண்டா வளர்த்த பையனுக்கு அடுத்த இடத்தில் இருந்தார். அதுவரை ஒற்றை ஆளாக வந்துவிட்டார். அதற்கு மேல் ஒற்றை ஆளாகப் போக முடியாது. அந்த இடத்தில் நாம் யாரும் அவர் பின்னால் இல்லை. அடுத்தவர் வரும்போதாவது இருப்போமா?