பறவை வருது, பறவை போகுது

குற்றாலக் குறவஞ்சி என்றதும் பலருக்கும் நினைவு வருவது பள்ளியில் மனப்பாடம் செய்த மலைவளம்தான். குரங்கு, பழம், அருவி. அந்த நாடகம் தொடங்குவதோ பெருங்குரலில். கட்டியக்காரன் வந்து குற்றாலத்து இறைவனான திரிகூடநாதர் பவனி வருவதைக் கூவி அறிவிக்கிறான். வாத்தியங்கள் முழங்குகின்றன. ஒரு கைக்கு வளையல் போட்டவள் மறு கையை மறந்து ஓடி வருகிறாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டியவள் மறு கண்ணுக்கான மையை விரலிலேயே வைத்துக்கொண்டு வருகிறாள். தெரு முழுக்க ஒரே களேபரம்.

அதைவிட நமக்குப் பிடித்தது குறவன் சிங்கனின் பறவை வேட்டை. காவிய வீரனுக்கு நால்வகைப் படை உண்டு. சிங்கனுக்குத் துணை நூவன் ஒருவன்தான், ஆயுதம் கண்ணி. கோயில் வயல்களில் பறவை இறங்கினால் ஒரு கூவல், மேய்ந்தால் ஒரு கூவல், கலைந்து பறந்தால் அதற்கும் ஒரு கூவல். மனம் முழுக்கக் காணாமல்போன மனைவி சிங்கி. செர்வாண்டிஸ் 1605இல் ஸ்பெயினில் உலவவிட்ட டான் குயிக்ஸாட்டும் அவன் உதவியாளன் சாஞ்சோவும் சிங்கனுக்கும் நூவனுக்கும் தூரத்து உறவு. ஆனால் அந்தக் கிழவீரனின் காதலி அவன் கற்பனையில் இருந்தவள். சிங்கியோ ஊர் ஊராகக் குறி சொல்லிச் சம்பாதித்த நகைகளோடு எதிரே வந்து நின்று, அவன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாள்.

இதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் நம் மேலகரத்துக்காரர். மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காகக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வந்தவர்களிடமெல்லாம் இதன் பாடல்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். வாயால் சொல்லிக் காதால் கேட்டுத்தான் இந்த நூல் வாழ்ந்திருக்கிறது. நாம் அதை மதிப்பெண்ணுக்குரிய செய்யுளாக்கி, கண்ணால் மட்டும் படிக்கிறோம். பொருள் கிடைக்கிறது, கூப்பாடு போய்விடுகிறது. கூப்பாடு போனால் சிங்கனுக்கு என்ன மிச்சம்? சிந்தின் தாளத்தில்தான் அவன் ஓடுகிறான், பதுங்குகிறான், ஏமாறுகிறான்.

கவிராயர் பிறந்த ஊரிலாவது இந்தச் சாரல் காலத்தில் முழு நாடகத்தையும் உரக்கப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம், ஒரு திண்ணை போதும். தொண்டை வளமுள்ள பையன் ஒருவன் கட்டியம் கூறட்டும். சிங்கி வேடத்துக்கு, கேள்விக்குச் சளைக்காமல் பதில் சொல்லும் பெண் பிள்ளை ஒருத்தி வேண்டும். மேலகரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.