15 மி.மீ. யாருடைய அளவு?

எக்கோ அறையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெண்ணின் விலா இடுக்கில் ஜெல் தடவிய கருவி ஊர்கிறது. திரையில் துடிக்கும் படத்தை ஒரு நொடி நிறுத்துகிறார்கள். இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரின் இந்த ஓரத்தில் ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி. 14 மி.மீ. வேறு காரணமின்றி 15-ஐத் தொட்டிருந்தால் ‘இதயத்தசைத் தடிப்பு நோய்’ என்று பெயர் விழுந்திருக்கும்.

ஆறடி ஆணுக்கும் அதே 15தான், ஐந்தடிகூட எட்டாத பெண்ணுக்கும் அதே 15தான். ரவிக்கைக்குக்கூட ஆளைப் பார்த்துத்தான் அளவெடுக்கிறார்கள்! பெண்ணின் இதயம் பொதுவாகவே சிறியது, சுவரும் மெல்லிசு. 8 மி.மீ. இருக்க வேண்டிய சுவர் 14 ஆகியிருந்தால் முக்கால் பங்கு கூடுதலாகப் பருத்திருக்கிறது. 10 இருக்க வேண்டியது 15 ஆனால் கூடியது பாதிதான். ஆனாலும் ஆணுக்குச் சிகிச்சை தொடங்கும். பெண்ணை ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள்.

இது பெரும்பாலும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவரிடம் மரபணுப் பழுது இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 3,673 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கில் பெண்கள் 45 சதவீதம். அங்கே முதலில் வந்தபோது ஆண்களின் சராசரி வயது 52, பெண்களுடையது 59. மூச்சுத்திணறல் பெண்களுக்கே அதிகம். வயது வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அவர்களின் ஆயுள் குறைவாகவே இருந்தது.

இந்த ஏழு ஆண்டுகள் எங்கே போயின? பழியை முழுக்க அளவுகோலின்மேல் போட முடியாது. ஹார்மோன்களுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? “ரத்தம் கம்மியா இருக்கும்”, “உடம்பு போட்டுடுச்சு”, “அந்த வயசுல அப்படித்தான்.” இப்படிச் சமாதானம் சொல்பவர்களில் பல சமயம் அந்தப் பெண்ணும் ஒருத்தி.

இது பெண்களுக்காக மட்டும் போடும் வழக்கும் அல்ல. பேரதிர்ச்சியிலும் துக்கத்திலும் இதயம் ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடிபோல உப்பிவிடும் ஒரு கோளாறுக்கு ஜப்பானியர்கள் 1990-ல் ‘டகோட்சுபோ’ என்று பெயரிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களையே அது அதிகம் தாக்குகிறது. ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளின் 2016–2020 பதிவுகளில் அந்த நோயால் சேர்ந்த பெண்களில் 5.5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆண்களில் 11.2 சதவீதம். ‘பெண்கள் நோய்’ என்ற முத்திரை ஆண்களைக் காப்பாற்றவில்லை.

இதயத்தசைத் தடிப்பு நோயில் நமக்குக் கூடுதல் அக்கறை வேண்டும். இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. அது இதயத்தசை நோய்க்கான ஆபத்தைக் கூட்டுவதாகவும் அந்த ஆய்வு சொன்னது.

உயரத்தையும் எடையையும் எக்கோவுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். சுவரின் தடிமனை அவற்றோடு சேர்த்துப் படிக்கப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மகனுக்கு நோய் என்று தெரிந்தால் அம்மாவையும் அக்கா தங்கைகளையும் அதே வாரம் வரச் சொல்லலாம். நெருங்கிய ரத்த உறவுக்கு 13 மி.மீ. போதும் என்று வழிகாட்டு நெறிகளே ஏற்கெனவே இறங்கி வந்திருக்கின்றன. உடல் அளவுக்காகவும் இறங்கி வர என்ன தடை?