டயாலிசிஸ் அறையில் கேட்கப்படாத கேள்வி

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விறைப்புக் குறைபாடு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ரத்தசோகை, சர்க்கரை நோயால் கெட்ட நரம்புகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு எனக் காரணங்கள் பல. கூனிக்குறுக இதில் எதுவுமில்லை. இதுவும் நோயின் ஒரு பகுதியே. ஆனால், கிரியாட்டினின் அளவைத் தவறாமல் பார்க்கும் மருத்துவர் இதைக் கேட்பதில்லை. நோயாளி மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. அந்த வெட்கம்தான் பலரை லாட்ஜ் வைத்தியர்களிடம் தள்ளுகிறது. அவர்கள் தரும் உலோகம் கலந்த லேகியம், மாற்று அறுவையில் பொருத்திய சிறுநீரகத்தையும் பாழாக்கிவிடக்கூடும்.

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் பலர் தேறுகிறார்கள், தந்தையானவர்களும் உண்டு. மாற்று அறுவைக்குப் பின் சிலருக்குத் தரப்படும் சிரோலிமஸ் மருந்து விந்தணுவைக் குறைக்கலாம் என்பதால் குழந்தை ஆசையை முன்பே சொல்லிவிட வேண்டும். விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் மாத்திரை பலருக்கு உதவும். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கோ அது உயிராபத்து. சிறுநீரக மருத்துவர்களே, இந்தப் பேச்சை நீங்களே முதலில் எடுங்கள்.