மணல் நம்முடையது, உருப்படி யாருடையது?

கொல்லன் பட்டறையில் கொழு அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிவக்கக் காய்ந்த இரும்பு சம்மட்டிக்கு இணங்கிப் போகும். டைட்டானியம் அத்தனை சாது அல்ல. எடை இரும்பில் பாதிக்குச் சற்றே மேல். அதில் 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் கலந்துவிட்டால் பலத்தில் நல்ல எஃகுக்கு ஈடு நிற்கும். ஆனால் உலையில் காய்ச்சும்போது காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மேல்தோல் நொறுங்கலாகிவிடும். ஆறிய அச்சில் வைத்து அழுத்தினாலோ, அச்சைத் தொட்ட இடம் சட்டெனச் சூடு இழந்து வெடிப்பு விடும்.

அச்சையும் உருப்படியையும் ஒரே சூட்டில் வைத்து, அவசரமில்லாமல் மெல்ல அழுத்துவது ஒரு வழி. ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக்கூடம் 2,000 டன் பிரஸில் இம்முறையைக் கையாண்டது. ஜாகுவார், ஹாக் விமானங்களின் அடோர் எஞ்சினுக்கு வேண்டிய ஐந்து கட்டக் கம்ப்ரஸர் வட்டுகளையும் செய்து முடித்தது. 2021-ல் செய்தி வெளியாயிற்று. பொதுத்துறை மிதானி ஆலையோடு சேர்ந்து செய்த வட்டுகள் பெங்களூர் விமானத் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்ந்தன. "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்" என்று உதட்டைப் பிதுக்கிய கனவான்கள் இப்போது என்ன சொல்கிறார்களோ!

சரி, இந்த உலோகம் எங்கிருந்து பிறக்கிறது? குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்துச் சவராவிலும் கடல் கொண்டுவந்து கொட்டும் கருமணலிலிருந்து. பெயர் இல்மனைட். உலகமெங்கும் இதில் பெரும்பகுதி சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயமாகத்தான் போகிறது. உலோகமாவது சிறு பங்கே. சவராவில் கேரள அரசின் ஆலையில் ஆண்டுக்கு 500 டன் பஞ்சு டைட்டானியம் எடுக்கும் பிரிவு 2011-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் மணல் நம்முடையது, உலோகம் அயலாருடையது.

கரையில் வாழ்பவன் கதையோ வேறு. சவராவுக்கு அருகே ஆலப்பாட்டு மக்கள் 2018-ல் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்களே, எதற்காக? மணல் அள்ள அள்ளக் கடல் தங்கள் ஊரைத் தின்கிறது என்றுதான். வட்டு எவ்வளவு இலேசானது என்று வியக்கும் நாம் அந்த ஊர் இழந்த நிலத்தின் கனத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. இதே உலோகத்தை அடித்துத்தான் தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்றுத் தண்டும் செய்கிறார்கள். மூட்டை தூக்கித் தேய்ந்தவனுக்கும், நாற்று நட்டுக் குனிந்தே இடுப்பு போனவளுக்கும் அது வேண்டும். விமானத்துக்கு வட்டு அடிக்கும் பொதுத்துறை, அந்தத் தண்டையும் அடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அடக்க விலையில் கொடுக்கட்டும். மணல் போன ஊர்க்காரர்களுக்கு அந்த ஆலையில் டர்னர், ஃபிட்டர் வேலை முதலில் கிடைக்கட்டும். கேட்பது இவ்வளவே.