திரையில் கேட்கும் தமிழ்

சென்ற தீபாவளி விடுமுறையில் ஊருக்குச் செல்ல எனக்குப் பயணச்சீட்டு கிடைக்கவில்லை. பணிபுரியும் போபால் நகரிலேயே தங்கிவிட்டேன். பொழுதைப் போக்க ஓடிடி தளங்களில் சில படங்களும் தொடர்களும் பார்த்தேன். மாணவர்களே, நீங்களும் பார்த்திருப்பீர்கள்; என்னைவிட மிகுதியாகவே பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிய என் கருத்தை இங்கு எழுதுகிறேன். நீங்கள் உடன்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்படி எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கட்டுரை. விடுமுறை முடிந்ததும், 'எதிர்பாராத சந்திப்பு' என்னும் தலைப்பில் எழுதச் சொன்னேன். அவன் எழுதினான்: "ஓ என் கடவுளே! நீ இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று என் நண்பனிடம் கேட்டேன்." சிவப்பு மையால் சுழிக்க ஓர் எழுத்துப்பிழையும் அதில் இல்லை. ஆயினும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் எந்தச் சிறுவனும் தன் நண்பனை இப்படிக் கேட்கமாட்டான். "டேய், நீ எங்கடா இங்க?" என்றுதான் கேட்பான். எங்கே கற்றாய் என்று வினவினேன். கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் பார்ப்பதாகச் சொன்னான். வீட்டில் பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்பவர்கள், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். நாள்தோறும் அவன் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் அந்தத் தொடர்களின் தமிழ்தான்.

டப்பிங் எழுதுவோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அது கடினமான பணி. பகரமும் மகரமும் இரு உதடுகளும் பொருந்திப் பிறக்கும் எழுத்துகள் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறீர்கள். திரையில் நடிகரின் உதடு மூடும் இடத்தில், இயன்றவரை அத்தகைய எழுத்தே வருமாறு வசனம் அமைய வேண்டும். அவர் வாய் திறந்திருக்கும் நேரத்திற்குள் வாக்கியம் முடிய வேண்டும். மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் ஒருங்கே விளங்க வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து வரும் தமிழ், எவருக்கும் விளங்கும். ஆனால் எந்த ஊருக்கும் உரியதாக இராது. அதை ஒருவர் கேட்டு மகிழலாம். அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளையைப் பற்றித்தான் என் கவலை.

இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தந்தது 'மெய்யழகன்'. ச. பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பரில் வெளிவந்த படம். சொத்துத் தகராற்றால் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குச் சென்ற அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கையின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே உறவினர் ஒருவர் "அத்தான், அத்தான்" என்று அவரை விடாமல் சுற்றிவருகிறார்; உணவு பரிமாறுகிறார்; இரவு தம் வீட்டிலேயே தங்கவைக்கிறார். அவர் யார் என்பது அருள்மொழிக்கு நினைவில் இல்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். அருள்மொழியாக அரவிந்த்சாமியும் அந்த உறவினராகக் கார்த்தியும் நடித்துள்ளனர். படம் நீளம் என்று பலர் கூறினர். வெளியான பின் ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைக்கவும் செய்தனர். எனக்கு அந்த நீளம் பிடித்திருந்தது. உறவினர் வீட்டுத் திண்ணையில் பேச உட்கார்ந்தால் கடிகாரம் பார்ப்பதுண்டா?

இப்படத்தின் ஒரு பகுதியை வகுப்பில் காட்டினேன். முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அத்தான்னா யாரு சார்?" என்று கேட்டாள். அத்தை மகன் அத்தான், மாமன் மகன் அத்தான், அக்காளை மணந்தவரும் அத்தான் என்று விளக்கினேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாருமே அங்கிள்தான் சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லில் எவ்வளவு உரிமையும் கேலியும் அன்பும் கலந்திருக்கின்றன என்று அறியாதவர்க்கு, அப்படத்தின் பாதி இன்பம் கிட்டாது.

இனி இந்திக்கு வருவோம். 'பஞ்சாயத்' தொடர் 2020-இல் வெளிவரத் தொடங்கியது. நகரத்து இளைஞன் ஒருவன் வேறு வேலை கிடைக்காததால், உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் புலேரா என்னும் கற்பனைச் சிற்றூருக்கு ஊராட்சிச் செயலராகச் செல்கிறான். படம்பிடித்ததோ நான் வாழும் போபாலுக்கு அருகில், செஹோர் மாவட்டத்தில். இடமாற்றல் ஆணையும் பெட்டியுமாக அறியாத ஊரில் வந்திறங்கியவன் நானும் ஆதலால், முதற்பகுதியிலேயே அத்தொடர் என்னைப் பற்றிக்கொண்டது. செயலர் வாங்கிய சக்கர நாற்காலி தம் இருக்கையைவிட உயர்ந்திருக்கிறதே என்று ஊர்ப்பெரியவர் மனம் புழுங்கும் பகுதி, நூறு பக்கக் கட்டுரை சொல்லாததைச் சொல்கிறது. தேர்தலில் வென்றவர் மனைவி, ஆள்பவரோ கணவர். அந்த அம்மையார் குடியரசு நாளில் தாமே கொடியேற்ற வேண்டி நாட்டுப்பண்ணைக் கற்றுக்கொள்ளும் காட்சியை நான் இருமுறை பார்த்தேன்.

இதையே தமிழில் 'தலைவெட்டியான் பாளையம்' என்று 2024-இல் எடுத்தனர். இயக்கியவர் நாகா. நடிப்பில் குறையில்லை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சும் கேட்கிறது. எனினும் மனம் ஒட்டவில்லை. பேச்சு தாமிரபரணிக் கரையிலிருந்து வருகிறது. பேச்சுக்குக் காரணமான நிகழ்ச்சிகள் கங்கைக் கரையிலிருந்து வருகின்றன. நம் சிற்றூர்களுக்கென்று தனிச் சண்டைகள் உண்டு, தனிக் கேலிகள் உண்டு. இதே நாகா 1990-களில் 'மர்ம தேசம்' தொடரில், தென்தமிழ்நாட்டுச் சிற்றூரின் காவல்தெய்வத்தை வைத்தே நம்மை வாரந்தோறும் அச்சுறுத்தினார். அது இரவல் கதையன்று. 'பஞ்சாயத்' தொடரை இந்தியிலேயே பாருங்கள் என்பேன். இங்கு வாழும் உங்களுக்கு அந்த மொழி அயலும் அன்று.

வட்டாரத் தமிழ் கேட்க வேண்டுமா? மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' படத்தைப் பாருங்கள். 2022-இல் வெளிவந்தது. குலதெய்வத்திற்குப் படைக்கப் புதுநெல் வேண்டும். ஊரில் இன்னும் பயிர்செய்பவரோ மாயாண்டி என்னும் முதியவர் ஒருவரே. தம் நிலத்தில் இறந்துகிடந்த மயில்களைப் புதைத்ததால் அவர்மீது வழக்கு வருகிறது. சிறையிலிருந்தபோதும் அவர் கவலை தம்மைப் பற்றியதன்று; பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார் என்பதே. மாயாண்டியாக வந்த நல்லாண்டி தொழில்முறை நடிகர் அல்லர். படம் திரைக்கு வருமுன்பே அவர் மறைந்துவிட்டார். 69-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவர் நடிப்புக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. அவர் பேசுவது எனக்கே சில இடங்களில் இருமுறை கேட்டபின்தான் விளங்கியது. அதனாலென்ன? நிறுத்தி, பின்னோக்கிச் சென்று மறுபடி கேட்கும் வசதியைத்தான் ஓடிடி நமக்குக் கொடுத்திருக்கிறதே.

திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் தமிழில் இருந்தால், அதையும் போட்டுக்கொண்டு பார்க்கலாம். காதும் கண்ணும் ஒன்றாகத் தமிழ் படிக்கும். ஆனால் நான் தேடிய படங்கள் பலவற்றுக்குத் தமிழ்ச் சப்டைட்டில் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

ஓரிடத்தில் என் கருத்து தடுமாறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் தாயாருக்கு எழுத்து வேகமாகப் படிக்க வராது. அவர் ஊரில் அமர்ந்து, டப்பிங் செய்யப்பட்ட இந்தித் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறார். யார் யாருக்கு இழைத்த தீங்கு எது என்று தொலைபேசியில் எனக்கு விவரிக்கிறார். டப்பிங் வேண்டாம் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அவர் அந்தக் கதைகளை எனக்குச் சொல்லும்போது, எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிடுகின்றன. அவருக்குள் வேறு தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. கட்டுரை எழுதிய மாணவனுக்கு அது இன்னும் வாய்க்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்புக்கு வீட்டுப்பாடமாக ஒன்று கொடுத்தேன்: உங்கள் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, அவர் யாரையெல்லாம் அத்தான் என்று அழைப்பார் எனக் கேட்டு எழுதிவாருங்கள். அங்கிள் என்று சொன்ன அந்தப் பெண் ஒரு பக்கம் எழுதிவந்தாள். அவள் பாட்டிக்கு மூன்று அத்தான்களாம். மூன்றாமவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டி சற்றுநேரம் பேசவில்லை என்றும், "அவுக இருந்தா உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிவாக" என்று பின்னர்ச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஐந்து சந்திப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தி, முழு மதிப்பெண்ணும் இட்டேன்.