‘ஒண்ணும் பண்ணாது’ என்கிற பொய்

தமிழில் தினமும் ஆயிரம் முறை சொல்லப்படும் பொய் ஒன்று உண்டு: “ஒண்ணும் பண்ணாது.” சொல்பவர் அது பொய் என்று தெரிந்து சொல்வதில்லை. அவருடைய நாய் அவரை ஒன்றும் பண்ணியதில்லை. அவர் குழந்தையைப் பண்ணியதில்லை, சமைக்க வரும் அம்மாவைப் பண்ணியதில்லை. ஆகவே உலகத்தில் யாரையும் பண்ணாது என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த நாய்க்கு என்னைத் தெரியாது என்பதும் எனக்கு அந்த நாயைத் தெரியாது என்பதும் அவர் கணக்கிலேயே வருவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. நாய்களுக்கு எதிரானது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாயைப் பற்றி இன்று யார் வாயைத் திறந்தாலும் உடனே இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒன்று நாய் நேசர், இல்லாவிட்டால் நாய் விரோதி. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற உத்தரவு வந்தது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஊர்வலம், ஒரு வசை மழை. எல்லாமே தெருநாயைப் பற்றி.

சட்டம் நாய்களை எப்போதோ இரண்டாகப் பிரித்துவிட்டது. 2001ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளிலேயே வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டு வகை. வளர்ப்பு நாயின் தடுப்பூசி, கருத்தடை, உரிமம் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. 2023இல் புதிய விதிகள் வந்தபோதும் அந்தப் பிரிவினை மாறவில்லை. தெருநாய்க்கு நாம் எல்லோரும் பொறுப்பு, அதனால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சிக்கல் உண்மையானது. வளர்ப்பு நாய்க்கோ பெயரோடு, விலாசத்தோடு, ஆதார் எண்ணோடு ஒரு மனிதர் பொறுப்பு. அவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. தெருநாய்ச் சண்டையின் புழுதியில் அவர் மெதுவாக நழுவிப் போய்விடுகிறார். கையில் கயிறு, கயிற்றில் நாய் இல்லை.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியோடு சென்னை மாநகராட்சி எல்லை முடிகிறது. அதுவரைக்குமாவது காகிதத்தில் விதிகள் இருக்கின்றன. 2025இல் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. எல்லை தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம். முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், தேவனேரி, பிறகு மாமல்லபுரம். மீனவக் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் நடுவே பங்களாக்கள். பெரும்பாலானவை வாரக் கடைசியில்தான் விழிக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே இருப்பது ஒரு காவலாளியும் ஒரு நாயும். நாய் ஐந்து நாள் சங்கிலியில். சனிக்கிழமை முதலாளி வருகிறார். ‘பாவம், அடைஞ்சே கெடக்குது’ என்று பின்பக்கக் கேட்டைத் திறந்துவிடுகிறார். கேட்டுக்கு வெளியே கடற்கரை. அது அவர் கொல்லைப்புறம் என்று அவர் நம்புகிறார். நாயும் அப்படியே நம்புகிறது. நாயைக் குறை சொல்ல முடியாது.

போன பிப்ரவரியில் அப்படி ஒரு காலை. சாளுவன்குப்பத்திலிருந்து தேவனேரி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கேட் திறந்தது, இரண்டு நாய்கள் வந்தன. ஒன்று லாப்ரடார். இன்னொன்று என்ன இனமென்று எனக்குத் தெரியாது, பெரியது. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, “ஓடாத கண்ணு, நில்லு, அப்படியே நில்லு” என்று கத்தினார். நின்றேன். நின்றவளைத்தான் கடித்தது, இடது கெண்டைக்காலில். நாய்க்காரர் நிதானமாக வந்து சேர்ந்தார். “மேடம், ஓடினீங்களா? ஓடினாத்தான் துரத்தும். இல்லேன்னா ஒண்ணும் பண்ணாது.” அவர் கையில் ஒரு நல்ல, விலையுயர்ந்த கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கயிறு வாங்கியிருக்கிறார், கையோடு கொண்டும் வந்திருக்கிறார். மாட்டத்தான் மனசு வரவில்லை. அந்த வலைக்கார அம்மாதான் குடத்துத் தண்ணீரும் துணி சோப்பும் கொண்டுவந்து, “கழுவு, நல்லா கழுவிக்கிட்டே இரு” என்று என்னை உட்காரவைத்தார். கடற்கரையில் அன்று மருத்துவம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

என் காயம் ஆறிவிட்டது. ஆறாத காயங்களைப் பற்றிப் பேசலாம். 2023 ஜனவரியில் ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில், உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர் ஒருவர் கதவு திறந்ததும் பாய்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயந்து ஓடி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியின் தலையைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள், அங்கேயே குடியிருந்தவள். காப்பாற்றப் போன தாயையும் நாய்கள் விடவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் கடித்து இறந்தே போனார்.

முதல் இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெலிவரி பையன். வாட்ச்மேன் மகள். என்னோடு கடற்கரையில் நடப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மீன் கூடைக்காரர், பால் போடுகிறவர், பங்களா கூட்டப் போகும் பெண்கள். இந்த நாட்டில் நடக்கிறவர் யார், காரில் போகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாயை அவிழ்த்துவிடுவதற்கு ஒரு வர்க்கம் இருக்கிறது. கடிபடுவதற்கும் ஒன்று.

*

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் பதில்: “கட்டிப் போடுவது கொடுமை.” இந்த நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். இதே கடலோரத்தில், திருவான்மியூரில், கலாக்ஷேத்ராவை வளர்த்தெடுத்தவர். அந்தச் சட்டம் எதையெல்லாம் கொடுமை என்கிறது? நியாயமில்லாத அளவு குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது கொடுமை. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயைப் போதுமான அளவு நடக்கவிடாமல் இருப்பதும் கொடுமை. ஐந்து நாள் சங்கிலியில் போட்டுவிட்டு ஆறாம் நாள் என் மேல் அவிழ்த்துவிடுகிறவர் முதல் ஐந்து நாளிலேயே குற்றவாளி ஆகிவிட்டார். தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறவர் நாய்க்கும் நல்லது செய்கிறார், எனக்கும் நல்லது செய்கிறார். கயிறு நாயை வெளியே கூட்டிப்போவதற்கான சாதனம். அதைச் சிறை என்று சொல்கிறவருக்குக் கூட நடக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

இரண்டாம் பதில் இலக்கிய நண்பர்களுடையது. தருமன் சொர்க்க வாசலில் நின்று, நாய் இல்லாமல் நான் உள்ளே வரமாட்டேன் என்றானே, உனக்கு அந்தக் கருணை இல்லையா என்பார்கள். மாமல்லபுரத்தில் தருமராஜா ரதம் என்றே ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் பிற்காலத்தில் வந்தது, கதைக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. கதையைத் திரும்பப் படியுங்கள். தன்னை நம்பிக் கூட வந்த நாயைக் கைவிடமாட்டேன் என்பதுதான் தருமனின் வாதம். கடைசி அடி வரை அதற்கு அவன் பொறுப்பேற்றான். அவன் நாயை மலையில் அவிழ்த்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதே மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் இன்னொரு பிராணியும் உண்டு: கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனை, அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகள். ‘ஒண்ணும் பண்ணாது’ என்பது எவ்வளவு பழைய வசனம் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் பதில்தான் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது: அறிவுரை. ஓடாதே. கண்ணைப் பார்க்காதே. கத்தாதே. கையை ஆட்டாதே. குச்சி எடுத்துக்கொண்டு போ. அந்த வழியாகப் போகாதே. அதிகாலையில் போகாதே. பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியல் புதிதில்லை. நாய் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அறிவுரை தப்பு என்று சொல்லவில்லை. கீழே நானே கொடுக்கப்போகிறேன். ஆனால் கடிபட்டவருக்கு இருபது விதி, கடிக்கவிட்டவருக்கு ஒரு விதிகூட இல்லை என்றால் அது அறிவுரை இல்லை, தீர்ப்பு. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று பழமொழி வேறு. குரைக்கும், கடிக்கவும் செய்யும். தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2024இல் தமிழ்நாட்டில் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். அதில் எத்தனை தெருநாய், எத்தனை வீட்டு நாய் என்று தனித்தனியாக யாரும் விவாதிப்பதில்லை.

*

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு: தன் வசமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருந்தும் அலட்சியமாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860இல் ஆயிரம் ரூபாய் ஒரு சொத்து. 2024இல் ஒரு குடும்பம் ஈசிஆர் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் காசு. 164 வருடம் அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு; அபராதம் ஐயாயிரம். நமக்கு அந்தப் பழைய சட்டத்தைக் கொடுத்த பிரிட்டன் தன் ஊரில் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் போட்டது. அதன்படி நாய் கடித்திருக்கவே வேண்டாம். காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும் விதத்தில் கட்டுப்பாடில்லாமல் இருந்தாலே குற்றம். அதாவது அங்கே என் பயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. இங்கே ரத்தம் வந்த பிறகுதான் நான் மனுஷி.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று, நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகள் கடற்கரைக்கு வருவதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. வெளிநாட்டுக் கொடிக்காக ஒரு துண்டுக் கடற்கரையில் முடிகிற காரியம், அங்கிருந்து தெற்கே குப்பத்து ஜனங்கள் நடக்கிற மணலில் ஏன் முடியாது? ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணலும் இதுதான். நாய்கள் அந்தக் குழிகளையும் தோண்டுகின்றன. ஆமையிடம் போய் ‘ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்ல ஆளில்லை.

கொல்லச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். மதராஸ் மாநகராட்சி நூறு வருடத்துக்கும் மேலாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது, நாய்கள் குறையவில்லை. 1996இல் புளூ கிராஸோடு சேர்ந்து கருத்தடைக்கு மாறியது. அதுதான் சரியான வழி, அதற்குப் பணமும் ஆளும் போதவில்லை என்பதுதான் குறை. இன்ன இனத்தைத் தடை செய் என்பதிலும் எனக்கு ஆர்வமில்லை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இனங்களுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது; அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்களில் அது விழுந்துவிட்டது. இனத்தை விடுங்கள். கயிற்றைப் பிடியுங்கள்.

*

இனி, நடக்கிறவர்களுக்கு. நாய் வந்தால் ஓட வேண்டாம். நான் நின்றும் கடிபட்டேன், இருந்தாலும் ஓடினால் நிச்சயம் தோற்போம். பக்கவாட்டில் திரும்பி நின்று, பையோ குடையோ செருப்போ, எது இருக்கிறதோ அதை நடுவில் நீட்டுங்கள். பல் பதிய அதைக் கொடுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டுகொண்டு கழுத்தையும் முகத்தையும் கைகளால் மூடுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றில் பதினாலு ஊசி என்பது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்துக் காலத்துக் கதை. அதை நிறுத்தி இருபது வருடமாகிறது. இப்போது தோலுக்குள் போடும் ஊசி, கைகளில்: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நாய்க்காரர் “எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு” என்பார். சந்தோஷம். சான்றிதழை வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் சொல்லை நம்பி உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை.

அப்புறம் காவல் நிலையம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. நான் போனபோது, “நாய் கடிச்சதுக்கெல்லாமா கேஸு, பேசி முடிச்சுக்கோங்கம்மா” என்றார்கள். காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு, பிரிவு எண் 291 மூன்றையும் மேசையில் வைத்த பிறகு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. பெரிய வெற்றி ஒன்றுமில்லை, ஒரு துண்டுக் காகிதம். ஆனால் அந்தக் காகிதத்தில் ‘நாய்’ என்பதற்குப் பக்கத்தில் முதன்முறையாக ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு அந்த நாய் கயிற்றோடுதான் வெளியே வருகிறது.

ஊராட்சிகள் வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்யட்டும். கடற்கரையில் கயிறு கட்டாயம் என்று ஒரு பலகை வைக்கட்டும். மீறினால் முதல் முறையே வலிக்கிற அபராதம் போடட்டும். அதுவரை, அடுத்த முறை யாராவது உங்களிடம் ‘ஒண்ணும் பண்ணாது’ என்றால் சிரித்துக்கொண்டு கடந்து போகாதீர்கள். “சரிங்க, கயிறு மாட்டுங்க” என்று சொல்லுங்கள். மாட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்று சொல்லுங்கள்.