கொரில்லா பார்க்க மலிவான எல்லை எது?

ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களை ஒரு மணிநேரம் பார்க்க வெளிநாட்டவர் செலுத்தும் கட்டணம் 1,500 அமெரிக்க டொலர். 2017 மே மாதம் அது 750 இலிருந்து இரட்டிப்பாக்கப்பட்டது. உகண்டாவில் 800 டொலர்தான். அதனால் பலர் கிகாலியில் விமானத்தால் இறங்கி, தரைவழியாக எல்லை கடந்து பிவிண்டி காட்டுக்குப் போகிறார்கள். 700 டொலர் மிச்சம்.

கொங்கோவின் விருங்கா பூங்கா 400 டொலருக்கே அனுமதி கொடுத்து வந்தது. ஆனால் 2018 இல் அங்கே வனக்காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். இரண்டு பிரித்தானியப் பயணிகள் கடத்தப்பட்டனர். 2025 ஜனவரியில் கோமா நகரம் எம்23 கிளர்ச்சியாளர்களிடம் வீழ்ந்தது. அவர்களுக்கு ருவாண்டா துணைநிற்பதாக ஐ.நா. நிபுணர் குழு சொல்கிறது. ருவாண்டா மறுக்கிறது.

கட்டணப் பணம் வீணாகவில்லை என்பதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ருவாண்டா தன் பூங்கா வருமானத்தில் 10 வீதத்தை அயற்கிராமங்களுக்கு ஒதுக்குகிறது.

ஆனால் 1991 இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த பட்வா மக்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோருக்கு மாற்றுக்காணி கிடைக்கவில்லை. இன்று அவர்களில் சிலர் தங்கள் பழைய காட்டு வாழ்க்கையைப் பயணிகளுக்கு நடித்துக்காட்டிப் பிழைக்கிறார்கள்.

காணியை இழந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எந்த எல்லையில் மலிவு என்று கேட்பவர்கள், அந்தக் காட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்றும் கேட்கவேண்டும்.